கொடைவள்ளலுக்குக் காத்திருப்போர்

மலையகத்திற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சொல்வதற்கு இன்று எவருக்கும் துணிவு தேவையில்லை. தேர்தல் மேடைகளில் அது சொல்லப்படுகின்றது. மே தின ஊர்வலங்களில் பதாகையாகத் தூக்கப்படுகின்றது. மலையக மக்கள் இந்நாட்டிற்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023ஆம் ஆண்டில் நினைவு கூர்ந்த கூட்டங்களிலெல்லாம் அது தீர்மானங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. மறுப்பார் எவருமில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட பின்னும் நடவாத காரியம் ஒன்று உண்டாயின், அந்த ஒப்புதலுக்குள்ளேயே ஏதோ ஒரு சூது மறைந்திருக்கின்றது என்று ஐயுறுவது தவறாகாது. அச்சூதின் ஒரு பகுதியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

அண்மைக் காலமாக நம்மிடையே ஒரு கருத்துப் பரவி வருகின்றது. அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை. அரச பல்கலைக்கழகம் வருமென்று காத்திருந்தால் இன்னும் இரு தலைமுறை கழிந்துவிடும். ஆதலின் செல்வந்தர் ஒருவரோ, கடல் கடந்த நம்மவர் சிலர் சேர்ந்தோ, இந்தியாவின் பெருநிறுவனம் ஒன்றோ முன்வந்து தனியார் பல்கலைக்கழகம் ஒன்றை மலையகத்தில் நிறுவட்டும் என்பதே அக்கருத்து. இடமும் பெரும்பாலும் முடிவாகிவிட்டது போலவே பேசுகின்றார்கள். கொட்டகலை. ஹட்டனுக்கும் தலவாக்கொல்லைக்கும் நடுவே, புகையிரதப் பாதையும் பெருவீதியும் அருகருகே செல்லும் ஊர், ஆசிரியர் கலாசாலையும் கல்வியியற் கல்லூரியும் ஏலவே உள்ள சூழல், குளிர்ந்த காற்று, குன்றுகள். அக்குன்றுகளில் ஒன்றன்மீது மணிக்கூட்டுக் கோபுரமும் நெடுந்தூண்களும் கொண்ட மண்டபம் ஒன்று எழுவதை நண்பர்கள் கற்பனையிலே கண்டு களிக்கின்றார்கள். "சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் செய்யவில்லையா? நமக்கும் ஓர் அண்ணாமலைச் செட்டியார் கிடைக்கமாட்டாரா?" என்பது அவர்களுடைய பேச்சின் முத்தாய்ப்பு.

இதனைச் சொல்வோர் நமக்குப் பகைவரல்லர். பெரும்பாலோர் நம்மோடு ஒரே விரிவுரை மண்டபத்தில் இருப்பவர்கள். அதனாலேயே இதனை மறுக்க வேண்டியிருக்கின்றது. பகைவன் கருத்தை நாம் ஏற்கமாட்டோம். நண்பன் கருத்து நம்மை அறியாமலே நம்முள் குடியேறிவிடும்.

அண்ணாமலையின் கதையையே முதலில் நோக்குவோம். அது சிறுமையான கதையன்று. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சேர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் கல்லூரிகள் தோன்றின. இவையெல்லாம் ஒன்று சேர்ந்து 1929இல் சட்டப்படி பல்கலைக்கழகமாயின. அதற்கென அவர் வழங்கிய தொகை இருபது இலட்சம் ரூபாய். அக்காலத்து இருபது இலட்சம் என்ன பெறும் என்பதைப் பொருளியல் மாணவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். புகையிரதப் பாதைக்குக் கிழக்கே வெறும் நிலமாகக் கிடந்த இடத்தில் விரிவுரைக் கட்டடங்களும் விடுதிகளும் நூலகமும் எழுந்தன. ஒரு நகரமே உருவாகி அண்ணாமலை நகர் என்று பெயர் பெற்றது. துணைவேந்தராயிருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் பெயரைத் தாங்கி நிற்கும் சாஸ்திரி மண்டபத்தை அங்கே கற்றுத் திரும்பிய நம்நாட்டு மூத்தோர் இன்றும் வாஞ்சையோடு நினைவுகூர்வதைக் கேட்டிருக்கின்றோம். விடுதியில் தங்கிக் கற்பதையே அடிப்படையாகக் கொண்டு அமைந்தது அப்பல்கலைக்கழகம். கிராமத்து மாணவனும் பட்டணத்து மாணவனும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே மாடிப்படியில் நின்று வாதிட்டு, நடராசர் கோயில் வீதிகளில் மாலையில் உலாவிய வாழ்க்கை அது. தமிழிசை இயக்கத்திற்கு அது தாய்வீடாயிற்று. நம் சுவாமி விபுலாநந்தர் 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராகப் பணியேற்றார். பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். ஆகவே இங்கே தமிழ் கற்கும் நாம் அண்ணாமலைக்கு ஒருவகையிற் கடன்பட்டவர்களே. இந்தக் கடனை மறந்து நான் எழுதவில்லை.

ஆனால் அண்ணாமலையை முன்மாதிரியாகக் காட்டுவோர் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றார்கள். மீதிப் பாதி என்ன?

கொடுத்தவர் பெயர் நிலைத்தது மட்டுமன்று, கொடுத்தவர் குடும்பத்தின் அதிகாரமும் நிலைத்தது. இணைவேந்தர் பதவி பரம்பரை உரிமையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கும், பின்னர் அவர் வழியினருக்கும் சென்றது. கல்வி நிலையம் ஒன்றின் தலைமை, கோயில் தருமகர்த்தாப் பதவி போலவும் மிராசு நிலம் போலவும் வழிவழியாக வருமாயின், அங்கே கேள்வி கேட்பவனின் நிலை என்ன? 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த அப்பல்கலைக்கழக மாணவர்மீது துப்பாக்கிச்சூடு நடந்து இராசேந்திரன் என்னும் மாணவர் உயிர்நீத்தார். சுட்டது அரசின் காவற்படை. அப்பழியைப் பல்கலைக்கழகத்தின்மேற் சுமத்துவது முறையன்று. ஆயினும் கொடையாளியின் மண்டபங்களைப் பற்றிப் பேசும்போது அம்மண்டபங்களுக்கு வெளியே வீழ்ந்தவனையும் சேர்த்தே பேசவேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறு அதன் அடிக்கற்களில் மட்டும் பொறிக்கப்படுவதில்லை.

காலம் செல்லச் செல்லக் கொடை கரைந்தது, கட்டணம் வளர்ந்தது. தொலைநிலைக் கல்வி ஒரு வருமான வழியாயிற்று. தேவைக்கு மிகுதியாகப் பல ஆயிரம் ஊழியர் சேர்ந்தனர். 2012ஆம் ஆண்டளவில் சம்பளம் கொடுக்கவும் இயலாத நெருக்கடி ஏற்பட்டு, ஆசிரியரும் ஊழியரும் வீதிக்கு வந்தனர். 2013இல் தமிழ்நாட்டரசு நிருவாகி ஒருவரை நியமித்துப் பின்னர் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிகுதியான ஊழியர்களை வேறு அரச நிறுவனங்களுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அத்தோடும் முடிந்ததா? அங்குள்ள மருத்துவக் கல்லூரி மாணவர்கள், அரசு எடுத்த பின்னும் தனியார் கட்டணமே வாங்கப்படுகின்றது என்று 2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2021இன் தொடக்கம் வரை வாரக்கணக்கிற் போராடினார்கள். அதன் பின்னரே அக்கல்லூரி மாவட்ட அரச மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பட்டுக் கட்டணமும் குறைக்கப்பட்டது.

இந்தியாவிலேயே தனியார் கொடையால் எழுந்த பல்கலைக்கழகங்களுட் பெரும்புகழ் பெற்ற ஒன்றின் எண்பத்துநான்கு ஆண்டுக் கதை இது. தொடக்கத்தில் வள்ளல், முடிவில் அரசு. இடையில் நின்று கட்டணம் கட்டியவர்கள் மாணவரின் பெற்றோர்.

நம்நாட்டு அனுபவமோ இதனினும் குறுகியது, ஆனால் அதே பாதையிற் சென்றது. 1980களின் தொடக்கத்தில் ராகமையில் தனியார் மருத்துவக் கல்லூரி வந்தது. மாணவர் எதிர்ப்பின் பின் 1989இல் அரசு அதனைக் கையேற்றது. அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரியும் நெடிய போராட்டத்தின்பின் 2018இல் மூடப்பட்டு, அதன் மாணவர்கள் அரச நிறுவனம் ஒன்றன்கீழ்ச் சேர்க்கப்பட்டார்கள். இலாபம் வரும்வரை தனியார். நட்டம் வந்தபின் அரசு. இந்தச் சூத்திரத்தை மலையகத்திலும் ஒருமுறை செய்து பார்த்துத்தான் தெளிய வேண்டுமா?

"யாழ்ப்பாணத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரியிலன்றோ இன்றைய பல்கலைக்கழகம் இயங்குகின்றது? அதுவும் தனியார் கொடைதானே?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. 1921இல் இராமநாதன் எழுப்பிய கட்டடங்களில் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் அவ்விடம் பல்கலைக்கழகமானது அரசின் சட்டத்தாலும் அரசின் பணத்தாலுமே. கட்டடம் கொடையாக வருவதை நான் எதிர்க்கவில்லை, வரட்டும். கற்பதற்கான உரிமை கொடையாக வருவதையே எதிர்க்கின்றேன். கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உரிமையை அப்படி எடுக்க முடியாது.

இங்கே வேறொரு வினாவையும் எழுப்புதல் வேண்டும். கொடை என்று நாம் வணங்குவது எங்கிருந்து வருகின்றது? நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் பெருஞ்செல்வம் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் செய்த வட்டித் தொழிலிலும் வர்த்தகத்திலும் திரண்டது. பர்மிய உழவனின் நெல்லும் இந்நாட்டுத் தோட்டங்களைச் சுற்றி நடந்த கொடுக்கல் வாங்கலும் அதில் கலந்தே இருந்தன. சிதம்பரத்துக் கற்றூண்களில் எத்தனையாவது தூண் யாருடைய வியர்வை என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. அதனால் அண்ணாமலைச் செட்டியார் செய்தது தீமையாகிவிடாது. திரட்டிய செல்வத்தைக் கல்விக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டவர்களே அவர் காலத்தில் பெரும்பான்மையினர். ஆனால் "அவர் கொடுத்தார், நாம் பெற்றோம்" என்ற வாக்கியத்தில் எழுவாய் முழுமையாக இல்லை என்பதை இலக்கணம் கற்ற நாம் கவனிக்கவேண்டும்.

இதே வினாவை நம் பேராதனையிடமும் கேட்போம். ஹந்தானை மலைச்சாரலில், மகாவலிக் கரையில் அமைந்த இவ்வளாகத்தின் அழகைப் பாடாத மலர் இல்லை. நம் சங்கத்தின் மலரும் அதற்கு விலக்கன்று. அபர்குரோம்பியும் ஹொலிடேயும் திட்டம் வகுத்தார்கள், ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வரைந்தார், ஜெனிங்ஸ் கனவை நனவாக்கினார், 1952இல் மாணவர் குடியேறினர், 1954இல் எடின்பரோக் கோமகன் திறந்துவைத்தார் என்று ஒவ்வோர் ஆண்டும் புதுமுக மாணவருக்குச் சொல்லப்படுகின்றது. மூதவை மண்டபத்தின் தூண்களில் கண்டிக் கால மரச்செதுக்கலின் சாயல் இருப்பதையும் சுட்டிக் காட்டுகின்றார்கள். இந்த நிலம் அதற்குமுன் என்னவாயிருந்தது என்று மட்டும் சொல்வதில்லை. அது 'நியூ பேராதனை' என்னும் தோட்டமாயிருந்தது. நாம் விரிவுரைக்கு நடந்து செல்லும் கலஹா வீதி எங்கே போகின்றது? கலஹாவுக்கும், அதற்கப்பால் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரைக்கும் போகின்றது. தோட்டத்து நிலத்தில், தோட்டத்துக்குப் போகும் வீதியில், தோட்ட ஏற்றுமதியால் நிரம்பிய திறைசேரியின் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் நுழைந்தார்கள்? 1952இல் இங்கே முதல் விரிவுரை நடந்தபோது, தேயிலை பறித்த மக்களுட் பெரும்பாலோர் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

இவ்விடத்தில் ஒரு மனிதரை நினைவுகூர்தல் பொருத்தம். இங்கே ஒரு விடுதி அருணாசலம் மண்டபம் என்று பெயர் பெற்றிருக்கின்றது. அதில் தங்கும் மாணவர் பலருக்கு அவர் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை முன்னின்று நடத்திப் பல்கலைக்கழகத்துக்காக வாதாடியவர் என்பது தெரிந்திருக்கலாம். அதே சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கான சங்கத்தை அமைத்து, தோட்டத் தொழிலாளியைக் கடனாற் கட்டிப்போட்ட துண்டு முறையை எதிர்த்துப் போராடியவர் என்பதை எத்தனை பேர் அறிவர்? அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியும் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகமும் தோட்டத் தொழிலாளியின் விடுதலையும் ஒருவருடைய உள்ளத்தில் ஒரே கோரிக்கையின் இரு பக்கங்களாக இருந்தன. நாம் அவர் பெயரை விடுதிக்கு இட்டோம். கோரிக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கொட்டகலைக்கு வருவோம். ஹட்டனைத் தாண்டிய புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து வெளிப்படும்போது கொட்டகலையின் பச்சை கண்ணில் விழுகின்றது. 1885இல் நானுஓயாவை எட்டிய இப்பாதை யாருக்காக இடப்பட்டது என்பது புவியியல் மாணவருக்குத் தெரியும், தேயிலைப் பெட்டிகளுக்காக. சற்றே அப்பால் பத்தனைச் சந்தி, டெவன் நீர்வீழ்ச்சி. வழிநெடுகிலும் டிரேட்டன், ரொசிட்டா, மவுண்ட் வேர்ணன் என்று ஸ்கொத்லாந்தையும் இங்கிலாந்தையும் நினைவூட்டும் தோட்டங்கள். தொழிலாளர் இவற்றுக்கெல்லாம் தம் வாய்க்கிசைந்த தமிழ்ப் பெயர்களையும் வைத்திருக்கின்றார்கள். அவை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

இச்சுற்றுவட்டாரத்தில் வரலாற்றுப் புகழ்வாய்ந்த ஆராய்ச்சி வளாகம் ஒன்று உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றார்கள். தலவாக்கொல்லை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தையே குறிப்பிடுகின்றேன். அது 1925இன் சட்டத்தால் தோன்றியது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதித்த வரியால் வளர்ந்தது. ஆய்வுகூடம், நூலகம், விஞ்ஞானிகளுக்கு இல்லங்கள், சோதனைத் தோட்டம், சொந்தத் தொழிற்சாலை என ஒரு சிறு பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய அனைத்தும் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே மலையகத்தில் அமைக்கப்பட்டன. யாருக்கு? தேயிலைச் செடிக்கு. அதன் வேரில் விழும் புழுவுக்கும் இலையில் விழும் கொப்புள நோய்க்கும் மருந்து காணக் கலாநிதிகள் அமர்த்தப்பட்டார்கள். செடியை ஆராய்ந்ததில் எனக்குக் குறையில்லை. அவ்வாராய்ச்சியால் தொழிலும் பிழைத்தது. ஆனால் மலையகத்தில் உயர்கல்வி நிலையம் அமைக்கப் பணமில்லை, ஆளில்லை, குளிர் அதிகம், போக்குவரத்துக் கடினம் என்று கூறப்படும் நியாயங்கள் அனைத்தையும் சென் கூம்ஸ் ஒன்றே பொய்யாக்குகின்றது. கொழுந்துக்கு நோய் வந்தபோது குளிர் ஒரு தடையாக இருக்கவில்லை. பணமும் வேறெங்கிருந்தும் வரவில்லை. கொழுந்து பறித்தவளின் கூடையிலிருந்தே வந்தது.

அவளுடைய பிள்ளைக்கு அப்போது என்ன கிடைத்தது? 1920இன் கல்விச் சட்டம் தோட்டங்களிற் பாடசாலை வைக்கும்படி துரைமாரைப் பணித்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. சில தோட்டங்களிற் கணக்கப்பிள்ளைக்கு நேரமிருந்தபோது மட்டும் பாடம். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி என்று முழங்கியபோதும் தோட்டப் பாடசாலை துரையின் பாடசாலையாகவே நின்றது. அரசு அவற்றைக் கையேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேயே. ஆகவே இலவசக் கல்வியின் வயது நாட்டிற்கு ஒன்று, மலையகத்துக்கு வேறொன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலான அவ்விடைவெளியை எந்தத் தனியார் கல்லூரியும் கட்டணம் வாங்கிக்கொண்டு நிரப்பப்போவதில்லை.

கட்டணம் என்றதும் நண்பர்கள் புலமைப்பரிசிலைப் பற்றிப் பேசுவார்கள். "ஏழைகளுக்குச் சில இடங்களை இலவசமாக ஒதுக்குவார்கள்" என்பார்கள். ஒரு நாட் சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்பதற்கு மட்டும் இம்மக்கள் 2021 வரை பல ஆண்டுகள் போராடினார்கள். 2024இல் அது 1,350 ரூபாவாயிற்று. பெயர் பதியும் நாட்களுக்கே அச்சம்பளம்; எடை குறைந்தால் அரைப் பேர். இந்த வருமானத்தில் வாழும் மக்கள் செறிந்த இடத்தில் கட்டணப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கட்டினால், அதன் மாணவர் எங்கிருந்து வருவார்கள்? கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும், குளிர்ப் பிரதேசத்தில் படிக்க விரும்பும் வசதி படைத்தவர்கள் வருவார்கள். நம் மக்களுக்கும் அங்கே இடமுண்டுதான். விடுதியைக் கூட்டவும், சமையலறையில் பாத்திரம் துலக்கவும், வாயிலிற் காவல் நிற்கவும் ஆள் வேண்டாமா?

இதனை நான் மிகைப்படுத்தவில்லை. துரைமாரின் பழைய பங்களாக்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கருங்கல் அடித்தளம், நாலுபுறமும் இஸ்தோப்பு, குளிர்காயும் அடுப்பு, முன்னே புற்றரை. அவை இன்று மரபுரிமைக் கட்டடங்கள் எனப் பெயர் பெற்று உல்லாச விடுதிகளாகியுள்ளன. பழைய தேயிலைத் தொழிற்சாலைகளிற் சிலவும் அப்படியே. ஓரிரவு தங்குவதற்கு அங்கே கொடுக்கும் தொகை, கீழே லயத்தில் இருப்பவளின் பல வாரச் சம்பளம். பங்களா மரபுரிமையாயிற்று; அதே காலத்தில், அதே கருங்கல்லில், அதே கைகள் கட்டிய லயம் மரபுரிமையாகவில்லை. அது வெறும் பிரச்சினையாகவே எஞ்சியது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறை எப்படிப் படுத்துறங்கிற்று என்பதைக் காட்ட இந்நாட்டில் எத்தனை லயங்கள் பேணப்படுகின்றன? தனியார் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்திலும் முதற்பக்கத்தில் பங்களாதான் நிற்கும். 'நூற்றாண்டுப் பாரம்பரியச் சூழலிற் கல்வி' என்று அதன் கீழே எழுதுவார்கள். எவருடைய பாரம்பரியம்?

நானும் அத்தகைய காம்பரா ஒன்றிற் பிறந்தவன். பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் மாதங்களில் ஊர் எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஹட்டன் பக்கம்" என்றே சொல்லி வந்தேன். தோட்டத்தின் பெயரைச் சொல்ல நா எழவில்லை. என்னைப் போலவே இன்னும் மூவர் "ஹட்டன் பக்கம்" என்று சொல்லித் திரிந்ததையும், நால்வரும் ஒரே ஆற்றுக்கு இருமருங்கும் உள்ள தோட்டங்களைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மூன்றாம் தவணையிலேதான் அறிந்தோம். அதன் பின்னர் நன்றாகச் சிரித்தோம். ஆனால் ஒரு மாணவன் தன் ஊரை மறைத்துக்கொண்டு கற்கவேண்டியிருப்பது சிரிப்புக்குரியதன்று. வளாக வாழ்க்கை என்று நாம் போற்றுவது, மரநிழலும் திறந்தவெளி அரங்கும் மட்டுமன்று. தான் யாரென்று கூசாமற் சொல்லும் நிலையும் அதிலடங்கும். கட்டணம் கட்டியவனுக்கும் இரக்கத்தால் இடம் பெற்றவனுக்குமென இருவகை மேசை போடும் நிறுவனத்தில் அந்நிலை வாராது.

அரசிடம் கேட்பது வீண் என்பாரின் நம்பிக்கையின்மைக்குக் காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பத்தனையில் ஜேர்மன் உதவியோடு அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையக ஆசிரியரைப் பயிற்றுவதை முதல் நோக்கமாகக் கொண்டது. அந்நோக்கத்துக்கு எத்தனை இடம் ஒதுக்குவது என்ற தகராறு பல தடவை எழுந்திருக்கின்றது. அரசு தருவதையும் காத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது என்பதே அதன் பாடம். அரசு தரவேண்டாம் என்பதன்று. அக்கல்லூரியும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும் தந்த ஆசிரியர்களாலேயே இன்று தோட்டப் பாடசாலைகள் பல நடக்கின்றன. அவர்களுள் எவரும் கட்டணம் கட்டிப் பயின்றவரல்லர்.

யாழ்ப்பாணத்துக்கு 1974இல் வளாகம் வந்தது, கிழக்குக்கு 1981இல் வந்தாறுமூலையில் கல்லூரி வந்து 1986இல் பல்கலைக்கழகமாயிற்று, தென்கிழக்குக்கு 1990களில் ஒலுவில், சப்பிரகமுவைக்குப் பெலிஹுல்ஓயா, ஊவாவுக்கு 2005இல் பதுளை. இவற்றுள் ஒன்றும் வள்ளல் ஒருவரைத் தேடிக் காத்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் அப்பகுதி மக்களின் அழுத்தத்தாலும் அரசியலாலும் வந்தவை. சப்பிரகமுவைக்கு முதலிற் கிடைத்தவை சமனலவெவ மின்திட்டத்துக்காகக் கட்டிய கட்டடங்களே. மணிக்கூட்டுக் கோபுரம் இல்லாததால் அங்கே எவரும் படிக்காமல் விடவில்லை. மலையகத்தின் முறை வரும்போது மட்டும் "தனியார் வரட்டும்" என்பது எப்படி நியாயமாகும்?

எனவே கட்டடத்தைப் பற்றிய கனவைச் சிறிது ஒத்திவைப்போம். கொட்டகலையிலோ அதனை அண்டியோ அரச பல்கலைக்கழகம் ஒன்று நாளையே திறக்கப்பட்டாலும், அதன் விஞ்ஞான பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் பௌதிகமும் இரசாயனமும் கற்ற மலையக மாணவர் போதியளவில் வருவரா? நுவரெலியா மாவட்டத்தில் அப்பாடங்களுக்கு ஆசிரியர் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் சிலவே. மாவட்ட ஒதுக்கீட்டு இடங்களை வேறு மாவட்டத்தார் வந்து பதிந்து பெறுகின்றார்கள் என்ற குறை நெடுநாளையது. இவற்றைத் தீர்க்காமற் பல்கலைக்கழகம் கேட்பது, கூரைக்குத் தகரம் வாங்கிவிட்டுச் சுவருக்கு ஆள் தேடுவதாகும். ஆனால் சுவர் எழும்பும்வரை கூரையைப் பற்றிப் பேசாதே என்போரையும் நான் ஏற்கவில்லை. பல்கலைக்கழகம் இருந்தாற்றான் ஆசிரியர் உருவாவர். ஆசிரியர் இருந்தாற்றான் மாணவர் உருவாவர். இரண்டையும் ஒரே காலத்திற் செய்யக்கூடியது அரசு ஒன்றே.

நிலத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். வள்ளலைத் தேடுவோர் மறந்துவிடும் செய்தி இங்கேதான் இருக்கின்றது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975இன் திருத்தத்தாலும் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றை நடத்தும் கம்பனிகள் நிலத்தின் சொந்தக்காரர் அல்லர், குத்தகைக்காரர். கொட்டகலையைச் சூழ்ந்த மலைகளிற் பெரும்பகுதி இன்றும் சட்டப்படி பொதுச் சொத்தே. அதில் எவரேனும் ஐம்பது ஏக்கரை நமக்குக் கொடையாகத் தருவதாகச் சொல்வாராயின், நம்முடையதை நமக்கே தந்து நன்றியும் வாங்கிக்கொள்கின்றார் என்பதே பொருள். குத்தகையிலிருந்து அந்நிலத்தை விடுவிக்க வள்ளன்மை வேண்டியதில்லை. ஓர் அமைச்சரவைத் தீர்மானமும் ஒரு வர்த்தமானி அறிவித்தலும் போதும்.

ஒரு நிபந்தனையோடு. எந்த மலையைத் தெரிந்தாலும் அங்கே கொழுந்து பறிப்போர் இருப்பர். அவர்களுடைய லயமும் மரக்கறித் தோட்டமும் கோயிலும் அங்கே இருக்கும். அம்மலை விரிவுரை மண்டபமானால் அவர்களுடைய பேர் எங்கே விழும்? நியூ பேராதனைத் தோட்டத்தில் அன்று இருந்தவர்களைப் பற்றி நம் மலர்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அதே மௌனம் கொட்டகலையிலும் நேரக்கூடாது. நம் சங்கம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பவிருக்கும் மகஜரில், விடுதிக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன் அந்நிலத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதிப்பத்திரத்தோடு வீடு வழங்கப்படவேண்டும் என்பதை முதலாவது பந்தியாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கின்றேன். மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பிற்சேர்க்கையிற் போட்டுக்கொள்ளலாம்.